லிஃப்டுக்குள் இருந்த சாவி

அப்பா லிஃப்ட் மெக்கானிக். போன மாதம் இறந்துபோனார்.

லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால், கதவைத் திறக்கும்வரை அவர்களிடம் பேச்சை நிறுத்தமாட்டார். நிறுத்தினால் உள்ளே இருப்பவருக்குப் பயம் தலைக்கேறும் என்பார். விலைவாசி, வெயில், அம்மாவின் முழங்கால் வலி, வாயில் எது வந்தாலும் பேசுவார்.

ஒருமுறை எங்கள் வீட்டுப் பூட்டை உடைத்து அவருடைய டூல் பையை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். லிஃப்டின் வெளிக்கதவைத் திறக்கும் அவசரச் சாவி அதில்தான் இருந்தது. கம்பெனிச் சாவி. தொலைத்தால் வேலை போகும்.

"திங்கட்கிழமை வரும்போது சாவியோட வாங்க. இல்லேன்னா வராதீங்க" என்றார் மேனேஜர்.

ஞாயிறு மாலை, ஒரு பழைய அடுக்குமாடியில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. சாவி வைத்திருந்த இன்னொரு மெக்கானிக் ஊரின் மறுகோடியில் இருந்தார். அவர் வரும்வரை பேசிக்கொண்டிருக்க அப்பாவை அனுப்பினார்கள். பேச மட்டும்.

கம்பிக் கதவு. உள்ளே ஒரே இருட்டு. கம்பியைப் பிடித்த விரல்கள்தான் தெரிந்தன.

"சீக்கிரம் திறங்கண்ணே, மூச்சு முட்டுது!"

"கம்பிக் கதவுதானே தம்பி, காத்து வரும். உக்காருங்க. சாவி வரணும்."

"உங்ககிட்ட இல்லையா?"

"இருந்துச்சு. எவனோ பையோட அடிச்சிட்டுப் போயிட்டான். நாளைக்கு என் வேலையும் போயிடும்."

உள்ளே குசுகுசுப்பு. "வாய மூடுடா." "நீ மூடு, என்னால முடியல." பிறகு, "அண்ணே, முக்கோண வாய் வச்ச சாவியா?"

கம்பி இடுக்கு வழியாக ஒரு கை சாவியை நீட்டியது. அதன் தலையில், அடையாளத்துக்கு அம்மா வைத்த நகப்பூச்சுப் பொட்டு.

"பை?" என்றார் அப்பா.

"அதுவும் பத்திரமா இருக்குண்ணே."

சொன்ன பிறகுதான், திருட்டை ஒப்புக்கொண்டுவிட்டது அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். மேல்மாடியில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைச் சற்றுமுன் அப்பாவின் ஸ்க்ரூடிரைவரால்தான் திறந்து, இருந்ததையெல்லாம் வழித்துத் துடைத்திருந்தார்கள்.

அப்பா சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காவலாளியைப் போலீஸைக் கூப்பிடச் சொன்னார். அவர்கள் வரும்வரை பேச்சை நிறுத்தவில்லை. அம்மாவின் முழங்கால் வலியை இருவரும் முழுதாகக் கேட்டார்கள்.

வேலை தப்பியது.

நான் லிஃப்ட் கட்டுப்பாட்டுப் பலகை வடிவமைக்கிறேன். எங்கள் லிஃப்டில், மாட்டிக்கொண்டவர்களிடம் பதிவுசெய்த குரல் பேசும். ஒரே வாக்கியம். அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

"இதுகிட்ட எவன் சாவியைக் குடுப்பான்?" என்றார்.

அடக்கம் முடிந்த மறுநாள் கம்பெனி ஆள் வந்து சாவியைக் கேட்டார். கொடுத்தேன். பொட்டு அழியாமல் இருந்தது.