படித்ததும் அழித்தது

வினிபெக்கில் எங்கள் எரித்ரியாக்காரர்களுக்குக் குடியேற்ற விண்ணப்பம் நிரப்பித் தருவது நான்தான். எங்கள் ஆர்த்தடாக்ஸ் சபையில் யாரும் வாயில் வைக்காத பன்றியை இறைச்சி ஆலையில் நாளெல்லாம் அறுக்கும் ஹப்தோம், மனைவி லெம்லெமை வரவழைக்க என்னிடம் வந்தான். அவள் சூடானில், கார்ட்டூமில் ஒளிந்து வாழ்கிறாள். கனடாவில் புருஷன் இருப்பது தெரிந்தால், பணம் கறக்கக் கடத்தல்காரர்கள் அவளைத் தூக்கிவிடுவார்கள்.

"மூணு வருஷமா பொண்டாட்டிகிட்ட பேசினதைக் காட்டு" என்றேன்.

போனை நீட்டினான். அதில் ஒரு செய்தியும் இல்லை.

"தினமும் எழுதுவோம் அண்ணே. படிச்சதும் அழிச்சிடுவோம்."

"அவ தலைக்கு மேல கத்தி தொங்குது, அவ அழிக்கட்டும். நீ ஏன்டா அழிச்ச? இங்க எவன் உன் போனைப் பிடுங்கப் போறான்?"

"அவ அழிக்கச் சொன்னா."

பெண்டாட்டி சொல்லை இப்படிக் கேட்கிறவனை நான் கண்டதில்லை. அதை விண்ணப்பத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஒரே ஒரு கல்யாணப் படத்தையும் பாதிரியார் கடிதத்தையும் வைத்து அனுப்பினேன்.

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. தொடர்பில் இருந்ததற்குச் சான்று இல்லையாம், உண்மையான திருமணமாகத் தெரியவில்லையாம்.

"மேல்முறையீடு பண்ணலாம். இனிமே ஒரு எழுத்தைக்கூட அழிக்காத" என்றேன்.

தலையாட்டிவிட்டு, என் எதிரிலேயே அவளுக்கு விஷயத்தை எழுதி அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. என்னிடம் காட்டினான்.

"படிச்சுட்டேன். அழுதுட்டேன். அழிச்சுட்டேன். நீயும் அழிச்சிடு."

நான் கையைப் பிடிப்பதற்குள் அழித்துவிட்டான்.