யாருமில்லாதவர் என்று எழுதிக் கொடுத்தோம்

எங்கள் வீட்டு ரேஷன் கார்டை வெட்டியது கவர்மெண்ட் இல்லை, தாத்தாவின் வாய்தான். கணக்கெடுக்க வந்த ஆளை உட்காரவைத்து, மோர் கொடுத்து, கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். வாசலில் நிற்கும் கார் என் பேரனுடையது, ஸ்ரீசிட்டி கம்பெனியில் பெரிய வேலை, திருப்பதி மலைக்கே ஓட்டிக்கொண்டு போய்ப் பூஜை போட்ட வண்டி என்றார்! நான் தவணையில் வாங்கிய பழைய கார் அது. ஆந்திராவில் நகரிப் பக்கத்துத் தமிழர்கள் ஆபீஸ் ஆட்களிடம் தெலுங்கில் பேசும்போது எப்போதும் ஒரு படி கூடத்தான் பேசுவோம். மட்டமாக நினைத்துவிடக் கூடாதே. கார் உள்ள வீட்டுக்குக் கார்டு கிடையாதாம், அடுத்த மாதம் அரிசி நின்றது.

பிறகு கம்பெனி என்னை நிறுத்தியது. காரை ஃபைனான்ஸ்காரர்கள் எடுத்துப்போனார்கள். அந்தச் சமயம் பார்த்துத்தான் தாத்தாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று திருப்பதியில் சொன்னார்கள். உடனே கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் முதலில் குரல் போகும், பிறகு ஆளே போய்விடுவார் என்றார் டாக்டர். கார்டு இருந்தால் வைத்தியம் இலவசம். இல்லாவிட்டால் நிலத்தை விற்க வேண்டும். எங்களுக்கு விற்க நிலமும் இல்லை.

சித்தூர் கலெக்டர் ஆபீஸுக்கு மூன்று திங்கட்கிழமை மனுவோடு போனேன். கார் இப்போது இல்லை என்றேன். கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்றார்கள். ரோட்டில் அடிக்கடி நின்றுபோன வண்டி, அங்கே மட்டும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் எங்கள் ஊர் அரசு அலுவலகமான சச்சிவாலயத்து எழுத்தர் ஒரு வழி சொன்னார். பார்த்துக்கொள்ள யாருமில்லாதவர் என்று எழுதிக் கொடுத்தால் பெரியவருக்குத் தனிக் கார்டு வரும். ஆனால் மண்டல ஆபீஸில் அதிகாரி கேட்பார், அவர் தன் வாயாலேயே சொல்ல வேண்டும்.

"ஊட்ல இத்தினி பேரு கீறப்ப யாரும் இல்லன்னு எப்பிடிடா சொல்றது?" என்று தாத்தா இரண்டு நாள் கஞ்சியைத் தொடவில்லை. என் அப்பா, நைனா, கெஞ்சிப் பார்த்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "அன்னிக்கு கேக்காததெல்லாம் சொன்னியே, இன்னிக்கி கேக்கறதுக்கு சொல்லேன்!" என்று கத்திவிட்டேன். தாத்தா சட்டையை மாட்டிக்கொண்டார்.

மண்டல ஆபீஸில் நான்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தப் பையன் யார் என்று அதிகாரி கேட்டார். தாத்தா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தெரியாது சார்," என்றார் தெலுங்கில். "வழியில் போய்க்கொண்டிருந்த பிள்ளை. கிழவன் தடுமாறுகிறானே என்று கையைப் பிடித்தான், பாவம்."

அடேயப்பா, என்ன நடிப்பு! அதிகாரியே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான்தானே சொல்லச் சொன்னேன்? சொன்ன பிறகு எனக்குத் தாங்கவில்லை. வெளியே வந்து, வண்டி நிறுத்துமிடத்தில் நின்று அழுதேன்.

கார்டு வந்தது, கரண்டும் ஆரம்பமானது. தாத்தாவுக்குப் பயம் மட்டும் விடவில்லை. யாராவது கேட்டுக் கார்டை மறுபடி வெட்டிவிட்டால்? ஆஸ்பத்திரியில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டார். "தம்பி, கொஞ்சம் தண்ணி குடுக்கறீங்களா?" என்பார். பிறந்ததிலிருந்து அவரிடம் வாடா போடா வாங்கியவன் நான். அந்த மரியாதை எனக்குச் செருப்படி மாதிரி இருந்தது.

ஐந்தாவது வாரம் அவர் வாயெல்லாம் புண். ஊட்டிய கஞ்சி அப்படியே என் கைமேல் வாந்தியாக வந்தது. நான் துடைத்துக்கொண்டிருந்ததைச் தமிழ் பேசும் சத்தியவேட்டு நர்ஸம்மா ஒருவர் நின்று பார்த்தார்.

"சொந்தக்காரங்களே இப்பிடி பாக்க மாட்டாங்க. யாரு பெத்த புள்ளையோ!"

பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாத்தா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"பெத்தவங்கள வுடும்மா," என்றார். "தம்பியோட தாத்தன் நல்லா வளத்துகீறான்."