சுவருக்கு மேலே வந்த பேச்சு

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். பெங்களூருக்குப் போய்ப் படம் எடுக்கக் கற்றுக்கொண்டதில் சில விஷயங்கள் மறந்துபோயின. லைன் வீடுகளின் குறுக்குச் சுவர் கூரை வரைக்கும் எட்டாது என்பது அதில் ஒன்று. தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி இருக்கும். இந்த வீட்டில் குழந்தை தும்மினால் அந்த வீட்டிலிருந்து 'நூறு' என்பார்கள்.

சண்டை என்றால் ஆவணப்படக்காரர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். எனக்கும்தான், மறைப்பானேன்? என் லைனிலேயே ஒன்று மூண்டதாகக் கேள்விப்பட்டதும் கேமராவோடு ரயில் ஏறிவிட்டேன். வீட்டைக் காலி செய்துவிட்டு, வேறிடத்தில் தரும் வீட்டுக்குப் போகச் சம்மதம் என்று ஒவ்வொரு குடும்பத்திடமும் சுரங்கக் கம்பெனி கையெழுத்துக் கேட்டிருந்தது. எல்லோருக்கும் பட்டா கிடைக்கும்வரை ஒருவரும் போடக்கூடாது என்று லைன் ஜனம் மாரியம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தது. மீறுகிற வீட்டோடு பேச்சு கிடையாது, நல்லது கெட்டதுக்கும் போவது கிடையாது. முன்னால் நின்று இதை நடத்தியவர் ஓர் ஆட்டோக்காரர். சின்ன வயதிலிருந்தே எனக்கு அவர் அண்ணன்.

அன்று மத்தியானம் நான் பேட்டி எடுக்கப் போனது அவருக்கு அடுத்த வீட்டு அக்காவை. அக்காவின் வீட்டுக்காரர் சுரங்க ஷாஃப்டில் இறங்கி வேலை பார்த்தவர். நெஞ்சு முழுக்கக் கல்தூசி. அவருக்கு மூச்சு முட்டும்போதெல்லாம் அக்கா சுவரைப் பார்த்து "தம்பி!" என்று ஒரு குரல் கொடுப்பார். ஆட்டோ அண்ணன் ஓடிவந்து, அவரைத் தூக்கி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். அந்தக் குரல்தான் அந்த மனிதருக்கு ஆயுள்.

நான் போனபோது டி.வி. அலறிக்கொண்டிருந்தது. ஏதோ கன்னட சீரியல். கேமராவை ஓடவிட்டேன். அக்கா அந்தச் சத்தத்துக்குள்ளேயே என் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். மைக்கில் சீரியல் மாமியாரின் அழுகைதான் விழுந்தது. எனக்குப் பொறுமை என்றைக்குமே குறைவு.

"அக்கா, அத நிறுத்துங்க. உங்க குரல் மட்டும்தான் எனக்கு வேணும்."

"இருக்கட்டுமேம்மா."

"இருந்தா படமே வீணாப்பூடும்க்கா."

அவர் ஒருமுறை சுவரின் மேல்விளிம்பைப் பார்த்தார். நான் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படித்தவள் சொல்கிறாளே என்று டி.வி.யை அணைத்தார்.

"நான் கையெழுத்து போட்டுட்டேன்மா. ஒருத்தருக்கும் தெரியாது. காத்து காலத்துல, கம்பெனிக்காரன் கழிவக் கொட்டி வெச்ச சயனைட் மேட்டுத் தூசி வூட்டுக்குள்ள வந்து கொட்டுது. அவரு வாயத் தொறந்துகினு தவிக்கிறாரு. நான் இன்னா பண்றது? சத்தியத்தப் பாக்கறதா, அவரப் பாக்கறதா?"

படத்தின் உயிரே கிடைத்துவிட்டது என்று எனக்குள் ஒரு குதூகலம். இப்போது நினைத்தால் கூசுகிறது. அப்போதுதான் ஹெட்போனில் அந்தச் சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ டம்ளரைக் கீழே வைத்தார்கள். சத்தம் வந்துவிடக் கூடாதென்று மெதுவாக வைத்தார்கள்.

வாசலை எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு முன்னால் ஆட்டோ நின்றிருந்தது. அக்காவும் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனது.

பயந்தது போதாதென்று, உள்ளே அக்காவின் வீட்டுக்காரர் இருமத் தொடங்கினார். இருமல் இழுப்பாக மாறியது. அக்கா முதுகைத் தடவினார், வெந்நீர் கொடுத்தார், சுவர்ப் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

"கூப்புடுங்கக்கா!"

"எந்த மூஞ்சிய வெச்சினும்மா கூப்புடறது?"

வீட்டுக்காரரின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. நானே கத்திவிடலாமென்று வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். கத்திக் கூப்பிட்டு அண்ணன் வராமல் போனால்?

கதவு படாரென்று திறந்தது. ஆட்டோ அண்ணன். எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனார், அவரைத் தோளில் சாய்த்துத் தூக்கினார்.

"செருப்ப மாட்டுக்கா. வா."

மூச்சு சீராகிவிட்டது என்று நர்ஸ் வந்து சொன்ன பிறகுதான் ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"நீ லைன்ல பொறந்தவதானே? டி.வி. இன்னாத்துக்கு ஓடுதுன்னு உனுக்குத் தெரியாது?"

"தப்புதாண்ணே."

"செவுத்துக்கு மேல வர்றத லைன்ல யாரும் காதுல வாங்கறதில்ல. எங்கப்பன் காலத்துலேர்ந்து அப்பிடித்தான். வாங்கினா ஒருத்தனும் குடித்தனம் பண்ண முடியாது. எனக்கு ஒண்ணும் கேக்கல." தாடை இறுகியிருந்தது. கோபம் இல்லாமல் இல்லை. "ஆனா நீ படத்துல போட்டின்னா நான் கேட்டுத்தான் ஆவணும். அப்பறம் இவர நான் தூக்க முடியாது."

அன்றைக்கே அதை அழித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் பல வாரம் வைத்திருந்தேன். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அதைவிட நல்ல காட்சி எனக்கு அமைந்ததில்லை, இனி அமையப்போவதும் இல்லை. ஒவ்வொரு முறையும் அக்கா பேசி முடித்ததும் அந்த டம்ளர் கேட்டது. கடைசியில் ஒருநாள் அழித்தேன். டி.வி.யை அணைக்கச் சொல்வதற்கு முன்னால் எடுத்ததை அந்த இடத்தில் வைத்தேன்.

படத்தை லைனிலேயே திரைகட்டிப் போட்டோம். மொத்த ஜனமும் தரையில் உட்கார்ந்திருந்தது. ஆட்டோ அண்ணன் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தார். அந்தக் காட்சி வந்தது. அக்காவின் வாய் அசைந்தது, சீரியல் மாமியார் ஓங்கி அழுதாள். அக்கா புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"இன்னாம்மா படம் எடுத்துக்கிற? அக்கா பேசறது ஒண்ணுமே கேக்கலியே!" என்று ஆட்டோ அண்ணன் லைன் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டார்.