ஃபிளாட் நம்பர் இல்லாதவள் வைத்த புள்ளி

எங்கள் துவாரகா சொசைட்டித் தெருவில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் தனிப்பாதை போடப்போகிறார்களாம். வரைபடத்தில் ஆபத்தான இடங்களில் புள்ளி வைக்கச் சொல்லி இன்று காலை வாட்ஸப்பில் ஒரு படிவம் வந்தது.

சமையலுக்கு வரும் சுனிதாவிடம் காட்டினேன். இரண்டாவது கேட் திருப்பத்தில் விரலை வைத்து, "இதர் ஹீ, தீதி" என்றாள் இந்தியில், இங்கேதான் அக்கா என்று.

செக்யூரிட்டி வேலைக்குச் சைக்கிளில் போன அவள் கணவனைப் போன மாதம் ஒரு கார் அடித்துக் கொன்ற இடம்.

புள்ளி வைத்தேன். ஃபிளாட் நம்பர் கேட்டது. அவளுக்கு ஏது ஃபிளாட்? எங்களுடையதைப் போட்டேன்.

'ஒரு ஃபிளாட்டுக்கு ஒரு கருத்துதான். உங்களுடையது ஏற்கெனவே பதிவாகிவிட்டது' என்று வந்தது.

என் கணவருக்குப் போன் செய்தேன்.

"ஆமா, கார் ஓட்டிட்டுப் போறப்பவே ஃபில் பண்ணிட்டேன். பாதையெல்லாம் வேணாம், பார்க்கிங் போயிடும்னு போட்டேன்."

"புள்ளி எதுவும் வைக்கலையா?"

"நம்ம தெருவுல என்ன ஆபத்து இருக்கு?"

"ஹோ கயா, தீதி?" புள்ளி விழுந்துவிட்டதா என்று சுனிதா கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

எங்கள் சொசைட்டியில் இன்னும் படிவம் நிரப்பாத ஃபிளாட்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஒரே ஒரு புள்ளி வைக்க வேண்டும்.