மேல்வீட்டுப் பயிற்சியாளரும் என் சலவை முறையும்

எங்கள் மேல்வீட்டில் இருப்பவர் போர்த்துக்கல்காரர். நான் இந்த நாட்டுக்கு வந்து, துன் நகரத்து ஹோட்டலில் பாத்திரம் கழுவிய காலத்திலிருந்தே பழக்கம். அப்போது அவர் கட்டட வேலைக்குப் போவார். அதற்கு முன் தன் நாட்டில் நல்ல உதைபந்தாட்டக்காரராம். முழங்கால் போனது, விளையாட்டும் போனது. இங்கே வந்து பயிற்சியாளர் சோதனையை மூன்று தரம் எழுதித்தான் பாஸானார். எனக்கோ ஓர் எழுத்தும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள்தான் இதை எழுதுகிறாள். அந்த மூன்று தரத்துக்காகவே எனக்கு அவரில் பெரிய மரியாதை.

இப்போது ஒரு சின்னக் கழகத்துக்கு அவர் பயிற்சியாளர். பகலில் குழாய் பொருத்துகிறவர்களும் பேக்கரியில் பாண் போடுகிறவர்களும் விளையாடுகிற குழு. போன வசந்தத்தில் தோல்விக்கு மேல் தோல்வி. ஒரு சனிக்கிழமை காலை, பெரிய பையோடு படியில் உட்கார்ந்திருந்தார்.

“என்ன தம்பி, சுகமில்லையோ?”

“நாளைக்குத் தோத்தால் என்னை நிப்பாட்டிப் போடுவினம், அம்மா.”

‘அம்மா’ மட்டும் தமிழ். மற்றதெல்லாம் நாங்கள் இருவரும் வேலைத்தலத்தில் பொறுக்கிய ஜெர்மன். கழகத்தில் உடுப்புத் தோய்க்கிற மெஷினும் பழுதாம். பை நிறைய அழுக்கு ஜேர்சிகள்.

எங்கள் கட்டடத்தில் நினைத்தபோது உடுப்புத் தோய்க்க ஏலாது. நிலக்கீழ் அறையில் ஒரே மெஷின். இரண்டு கிழமைக்கு ஒருநாள்தான் முறை. சுவர் அட்டவணையில் என் நாளுக்கு மகள் சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறாள். முறை மாறினால் கீழ்வீட்டு அம்மா கடிதம் எழுதிப் போடுவார். அவருடைய பூனைகூட என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பும். அது கிடக்கட்டும். அன்று என் முறை.

“கொண்டாரும், நான் தோய்ச்சுத் தாறன்” என்றேன்.

ஜேர்சிகள் வெள்ளை. மெஷினில் இடம் மிச்சம் இருந்தது. கோயிலில் அபிஷேகத்துக்கு மருமகன் கட்டியிருந்த வேட்டியையும் போட்டேன். வெள்ளையோடு வெள்ளைதானே! அதன் ஒரு பாதி மஞ்சள் தண்ணீரில் ஊறிக் கிடந்ததை மறந்துபோனேன். அறுபது டிகிரியில் சுழலவிட்டு, மேலே வந்து இஞ்சித் தேத்தண்ணி குடித்தேன்.

திரும்பிப் போய்த் திறந்தால், எல்லாம் மாம்பழ நிறம்.

மகள் தலையில் கை வைத்தாள். “அம்மா, அந்த மனுசன்ரை வேலை போகப்போகுது. நீங்கள் பதினொரு ஆம்பிளையளுக்கு மஞ்சத்தண்ணி வாத்துச் சாமத்தியவீடு செய்து வைச்சிருக்கிறியள்!”

மஞ்சள் வெயிலில் வெளிறும் என்று தெரியும். பல்கனியில் விரித்தேன். அன்று பார்த்து எதிரே ஏரிக்கு மேலே ஒரே முகில். பின்னேரம் பையைத் தூக்கிக்கொண்டு நானே மேலே போனேன். அவர் ஒன்றை விரித்துப் பார்த்தார்.

“இது என்ன?”

“மஞ்சள். எங்கடை ஆக்கள் நல்ல காரியத்துக்குப் பூசிறது” என்றேன். பொய் இல்லையே.

“எங்களோடை விளையாடுற மற்றக் குழு நீலம் போடுவினம். பரவாயில்லை அம்மா, இதையும் ஒருக்காப் பாப்பம்.”

மறுநாள் நானும் மகளும் மைதானத்துக்குப் போனோம். ஒருவன் ஜேர்சியை மணந்து பார்த்து, “கறி!” என்று கத்தினான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதல் கோலை நீலம் போட்டது. பயிற்சியாளர் முழங்கால் போன அந்தக் காலை இழுத்து இழுத்துக் கோட்டோரம் ஓடினார். முடியப்போகிற நேரத்தில் பாண் போடுகிற பெடியன் பந்தைத் தலையால் இடித்தான். கோல்! ஒன்றுக்கு ஒன்று. விசில்.

கழகத் தலைவர் குடையோடு வந்தார். அவர்கள் கதைத்ததை மகள் என் காதில் சொன்னாள்.

“நீர் வெல்லேல்லையே.”

“தோத்தால் எண்டுதானே சொன்னனீங்கள். நாங்கள் தோக்கேல்லை.”

தலைவர் குடையை மற்றக் கைக்கு மாற்றினார். இந்த நாட்டில் சொன்ன சொல் சொன்னதுதான்.

“சரி. சீசன் முடியுமட்டும் நில்லும்” என்று கை கொடுத்துவிட்டுப் போனார்.

பயிற்சியாளர் அப்படியே ஈரப் புல்லில் உட்கார்ந்து, காலை நீட்டி, முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கொஞ்சம் அழுதார் போலவும் இருந்தது. நானும் பக்கத்தில் குந்தினேன். எழும்பத்தான் இரண்டு பேராலும் முடியவில்லை. மகள் ஒரு கையில் என்னையும் மறு கையில் அவரையும் பிடித்து இழுத்தாள்.