பெட்டி இல்லாத ரவுட்டர்கள்

அலுவலகத்தில் என் அண்ணிக்குப் 'பிரிண்டர் அக்கா' என்று பெயர். தாள் சிக்கினாலும், மவுஸ் நகராவிட்டாலும், யாராவது கடவுச்சொல்லை மறந்துபோனாலும் எல்லா மாடியிலிருந்தும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருடைய கண் மட்டும் அடுத்த அறையில் இருந்தது. கிளை அலுவலகங்களை இணைக்கும் ரவுட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் நெட்வொர்க் பிரிவு அது. அங்கே ஓர் இடம் காலியானதும் பெயர் கொடுத்தார்.

"ரவுட்டரைத் தொட்டிருக்கீங்களாம்மா?" என்றார் பிரிவின் மேலாளர்.

"தொட விட்டாத்தானே சார்?"

தொடாமலே பழக ஒரு வழி இருந்தது. ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளை மட்டும் இமேஜ் என்ற கோப்பாகப் பயிற்சிக்குத் தருகிறார்கள். கணினியில் ஏற்றினால் பெட்டியே இல்லாமல் ரவுட்டர் ஓடும். மவுஸால் கோடு இழுத்தால் அதுதான் கேபிள். சாப்பாட்டு மேசையில் பாதியை எங்கள் பழைய கணினி பிடித்துக்கொண்டது. நான்கு ரவுட்டர் ஓடினால் விசிறி இரையும். ஐந்தாவதைச் சேர்த்தால் திரை உறைந்துவிடும்.

"காத்துல கார் ஓட்டிப் பழகுற மாதிரியில்ல இருக்கு," என்றான் அண்ணன், தட்டோடு இடம் தேடியபடி.

"நீங்க நிஜக் காரையே சுவத்துலதானே ஓட்டினீங்க?"

அந்த இடத்துக்கான தேர்வு நிஜக் கருவிகளில் நடந்தது. அங்கே நடந்தது அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒன்றோடொன்று பேசாத இரண்டு ரவுட்டர்களைப் பேசவைக்க வேண்டும். மாற்றி மாற்றிப் பார்த்ததில் சிக்கல் இன்னும் இறுகியது. வீட்டில் இப்படி ஆனால் அந்த ரவுட்டரைத் தூக்கி எறிந்துவிட்டு, இமேஜிலிருந்து புதிதாக ஒன்றை இழுத்து வைப்பார். விரல்கள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. ரவுட்டரில் எழுதியிருந்த அமைப்பு முழுவதையும் அழித்து, அதை மறுபடி தொடங்கச் சொன்னார். ஒன்றும் தெரியாத வெறும் பெட்டி ஒன்று விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு எழுந்தது.

"வேலையில இப்படிப் பண்ணினா ஒரு கிளையே முடங்கிடும்," என்றார் மேலாளர். "பொம்மையை வெச்சுப் பழகினா இதான். உங்களுக்குப் பிரிண்டரே போதும்மா."

அண்ணி அழுதுகொண்டு வீட்டுக்கு வருவார் என்று நினைத்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் கணினியைப் போட்டார்.

"இன்னுமா இது?" என்றான் அண்ணன்.

"தப்பு பொம்மை மேல இல்ல, தூக்கிப் போட்டே பழகின என் கை மேல. இனிமே எதையும் தூக்கிப் போட மாட்டேன். நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள இதுல எதையாவது கெடுத்து வைங்க."

"எனக்கு இதுல என்ன தெரியும்?"

"தெரியாததுதான் வசதி."

அன்றிலிருந்து அண்ணன் கண்ட எண்களையெல்லாம் மாற்றி வைத்தான். போகப்போக அவனே ருசி கண்டுவிட்டான், சிரித்துக்கொண்டே கெடுத்தான். அண்ணி எதையும் அழிக்கவில்லை. அமைப்பை வரி வரியாகப் படித்து, மாறியிருந்ததை மட்டும் திருத்தினார். குழம்பு ஆறியது. யாரும் சாப்பாடு கேட்கத் துணியவில்லை.

முதல் தேர்வில் ஒருவரும் தேறாததால் இன்னொன்று வைத்தார்கள். அண்ணி மறுபடி போய் நின்றார்.

"திரும்பவும் அழிக்கவா வந்தீங்க?" என்றார் மேலாளர்.

"ஒரு தடவைதான் வரலாம்னு விதி இருந்தா காட்டுங்க சார்."

அப்படி விதி இல்லை. இந்த முறை ஒரு முனையில் ஒரே ஓர் எண் தவறாக இருந்தது. தேட நேரம் பிடித்தது. மேலாளர் இருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணி பார்க்கவில்லை. அந்த எண்ணை மட்டும் மாற்றினார். இரண்டு ரவுட்டர்களும் பேசின.

"சரியாத்தான் இருக்கு," என்று இழுத்தார் மேலாளர். "ஆனா வீட்டுல பழகினவங்களை எப்படி நம்பி..."

"நம்பறது அப்புறம் சார். திங்கக்கிழமை நான் எங்க உட்காரணும்? அதைச் சொல்லுங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கேபிள் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த ஒரு நாற்காலியைக் காட்டினார். அண்ணி பெட்டிகளைத் தாமே இறக்கி வைத்தார். திங்கட்கிழமைவரை காத்திராமல் அப்போதே அதில் உட்கார்ந்தார்.