நாத்தனார் முடிச்சும் என் முகமும்

அண்ணன் கல்யாணம் நெருங்கியபோது என் தாடையெல்லாம் பருக்கட்டி. வாயைத் திறந்தால் வலிக்கும். சீழ் வடிந்து தலையணை உறை கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அதற்கு முன்னால் முகம் பளபளவென்றுதான் இருந்தது. பருவுக்கென்று மெடிக்கலில் டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுத்த ஒரு களிம்பு டியூப் செய்த வேலை. எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். இலையில் ஒரு புள்ளி விழுந்தால் அன்றைக்கே மருந்தடிக்கிற வீடு. என் முகத்துக்கும் அதே வைத்தியம்தான். டியூப் தீரத் தீர அப்பா வாங்கி வந்தார். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகக் கிளம்பும், மறுபடி பூசுவேன். கன்னத்தில் தோல் மெலிந்து நரம்பு தெரிந்தது.

தேனியில் தோல் டாக்டரம்மா அந்த டியூபைப் பார்த்ததும் திட்டினார். ஸ்டீராய்டாம். பருவில் இருக்கும் கிருமி எல்லார் தோலிலும் இருக்கிறது. சிலருடைய உடம்புதான் அதற்கு மிஞ்சிப் பதறுகிறது என்றார். தோல் செல்கள் இன்டர்லூகின் போன்ற பொருள்களைச் சுரந்து வெள்ளணுக்களுக்கு ஓடி வரச் சொல்லித் தாக்கல் அனுப்பும். மடையை உடைத்துவிட்டான் என்று ஒருவன் கத்தினால் எங்கள் ஊரே மண்வெட்டியோடு ஓடும். ஓடிய கூட்டம் நெல்லை மிதித்துவிட்டுப் போகும். பரு விட்டுப்போகும் தழும்பு அந்த மிதிதான். டியூப் தாக்கலை அமுக்கி வைத்தது, அவ்வளவுதான். நிறுத்தினால் சில வாரம் கொதிக்கும், நான் தரும் மாத்திரை கேட்க மாதங்கள் ஆகும், ஆனாலும் அந்த டியூபைத் தொடாதே என்றார்.

அந்தக் கொதிப்பில்தான் முகூர்த்த நாள் நெருங்கியது. தாலியில் அண்ணன் முதல் முடிச்சுப் போட்டதும் மற்ற இரண்டையும் தங்கச்சி நான் போட வேண்டும். பெரியப்பா மகள் போடட்டும் என்றார் அம்மா. அத்தைமார் முகத்தை நன்றாகக் கழுவச் சொன்னார்கள். கழுவிக் கழுவித்தான் தோல் உரிந்து கிடந்தது. குச்சனூரில் எள் விளக்கு போடச் சொன்னார்கள். சனி பகவானுக்கு என் தாடையில் என்ன வேலை?

அப்பா புது டியூபோடு வந்தார்.

"கல்யாணம் முடியிற வரைக்கும் பூசு ஆத்தா. நாலு பேரு பாப்பாக."

"பாக்கட்டும்ப்பா. திரும்பக் கிளம்புனா அவுகளா வந்து என் வலிய வாங்கிக்கிடப் போறாக?"

அப்பா டியூபை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போனார். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படும். ஒரு மதியம் மூடியைக்கூடத் திருகிவிட்டேன். விரலில் எடுக்கவில்லை. மூடி வைத்தேன்.

முகூர்த்த நேரத்தில் பெரியப்பா மகள் பட்டுச்சேலையில் எனக்கு முன்னால் வந்து நின்றாள். அம்மா நிறுத்தியிருந்தார். அண்ணன் கை தாலியை விட்டதும் அவளை முழங்கையால் ஒதுக்கிவிட்டுக் குனிந்தேன். மணப்பெண்ணின் மாலை என் தாடையில் உரசி ஒரு கட்டி உடைந்தது. துடைக்கவில்லை. போட்ட வேகத்தில் முடிச்சை இறுக்கிவிட்டேன்.

"மெதுவா ஆத்தா," என்றாள் மணப்பெண், தலை நிமிராமல். "உங்க அண்ணனுக்கு நான் கழுத்தோட வேணும்."

அடுத்த முடிச்சையும் நானே போட்டேன்.